சிக்னலில் உதறும் வேகன் ஆர்: இல்லாத பெல்ட்டுக்கு 14,000 ரூபாயா?

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "2014 மாடல் வேகன் ஆர், 1 லிட்டர் பெட்ரோல். 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று சொல்லி ஒரு புரோக்கர் வாங்கிக் கொடுத்தார். சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது. ஏசி போட்டால் அணைந்துவிடும்போல் இருக்கிறது. ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. புரோக்கர் அனுப்பிய மெக்கானிக், 'டைமிங் அவுட், பெல்ட் மாற்றணும், 14,000 ரூபாய் ஆகும்' என்கிறார். செய்துவிடலாமா?"

செய்யாதீர்கள் அம்மா. உங்கள் வண்டியில் இருப்பது மூன்று சிலிண்டர் கே10பி எஞ்சின். அதில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின்தான். இல்லாத பெல்ட்டை மாற்றுகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்கவே கூடாது.

பிஸ்டன் ஏறி இறங்குவதும் வால்வு திறந்து மூடுவதும் ஒன்றுக்கொன்று பொருந்தி நடக்க வேண்டும். டைமிங் என்பது அதுதான், அதைப் பொருத்தி வைப்பதுதான் இந்தச் செயின். அது விலகினால் நிற்கும்போது மட்டும் தொல்லை தராது. மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்காது, பிக்கப் போய்விடும். இன்னொரு டைமிங், பிளக்கில் தீப்பொறி வரும் நேரம். கார்பரேட்டர் மாருதி 800 காலத்தில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி அதைச் சரிசெய்தோம். உங்கள் வண்டியில் அந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. அந்தக் காலத்துச் சொல்லை வைத்து இன்றைக்கும் பில் போடுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

மூன்று சிலிண்டர் எஞ்சினுக்குக் கொஞ்சம் அதிர்வு இயல்பு. ஆனால் அணையப் போவது இயல்பல்ல. நிற்கும்போது ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 800 பக்கத்தில் ஆடாமல் இருந்து, ஸ்டீயரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்ந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போயிருக்கிறது. ஆர்பிஎம் ஏறி ஏறி இறங்கினால் காற்று விஷயம். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சிறு இடுக்கு வழியாகத்தான் மூச்சு விடுகிறது. காற்று உள்ளே போகும் வாயான த்ராட்டில் பாடியில் கரி படிந்தால் அந்த இடுக்கு அடைபடும், ஏசி சுமையும் சேர்ந்தால் திணறும். உங்கள் வண்டியில் முதலில் என் சந்தேகம் இதன்மேல்தான். கிளீனர் அடித்துத் துடைத்து, எஞ்சினோடு இணைந்த வேக்கம் ஹோஸ் என்ற ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சைலன்சரில் 'பட்... பட்' என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் பிளக்கோ அதற்கு மின்சாரம் தரும் காயிலோ கெட்டிருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0301 என்ற பிழைக் கோடு (code) வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. அந்தக் காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடும் பி0302 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. புதுக் காயில் வாங்குவதற்கு முன்னால் இந்தச் சோதனையை யாரும் செய்து காட்டுவதில்லை!

இனி புரோக்கர் விஷயம். சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் யாரோ அதை வேண்டுமென்றே மறைத்திருக்கலாம். வண்டி காட்டுவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிக் கோடுகளை அழிப்பதும் வழக்கம். அழித்தபின் ஓடிய தூரத்தைப் பல வண்டிகளில் ஸ்கேனர் காட்டிவிடும். வாங்கும் அன்று அது 10 கிலோமீட்டர் என்று இருந்தால் என்ன அர்த்தம்? அந்த 62,000-ஐயும் பழைய சர்வீஸ் பில்லோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள். மீட்டரைக் குறைப்பது அரைமணி வேலை. பழைய வண்டி டீலர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. ஆனால் அதன் பேச்செல்லாம் ஆர்சி, பெயர் மாற்றம் பற்றித்தான். எஞ்சினைத் திறந்து பார்த்து யாராவது கையெழுத்துப் போடுகிறார்களா? புகைச் சான்றிதழுக்குக்கூடக் குழாயைச் சரியாகச் செருகாத இடங்கள் உண்டு. வாங்குகிறவர்தான் எல்லாவற்றையும் தானே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, செயின் கெடவே கெடாதா? கெடும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயின் நீளும், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளரும். அதற்கு அடையாளம் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் சில நொடிகள் 'கடகட' என்று உலோகச் சத்தம் வரும். ஸ்கேனரில் பி0016 வரும், அதாவது பிஸ்டனோடு சுற்றும் கிராங்கும் வால்வைத் திறக்கும் கேமும் பொருந்தவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் செயின் பேச்சு. பி0016 மட்டும் வந்தால் சென்சாரோ வயரிங்கோகூட இருக்கலாம். அதனால் கோடு வந்த உடனே எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். முந்தைய ஓனர் காலத்தில் எஞ்சின் பிரித்திருந்தால் கதை வேறு. செயினை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். செயின் கவரைச் சுற்றிப் புதுப் பசை பிதுங்கியிருந்தால் அந்தச் சந்தேகம் நியாயமானது.

காலையில் குளிர்ந்த எஞ்சினை வேறொரு மெக்கானிக் முன்னால் ஸ்டார்ட் செய்யுங்கள், புரோக்கர் ஆள் வேண்டாம். செயின் வேலை என்றே முடிவானால் கவர் கழற்றும் நேரம் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். செயினைப் பொருத்தும் இடத்தில் உள்ள டைமிங் மார்க் (குறி) விலகியிருப்பதைப் போட்டோ எடுங்கள். கழற்றிய செயினைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.