காந்தம் ஒட்டினாலும் அது எஸ்.எஸ். சைலன்சர்தான்

கேள்வி: எட்டு வருடப் பெட்ரோல் கார். நடு சைலன்சருக்கு முன்னால் குழாயில் விரிசல். பக்கத்து கிரில் பட்டறையில் இரண்டு முறை பற்றவைத்தேன். இரண்டாவது முறை இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. பற்றவைத்த இடத்தை ஒட்டினாற்போல் மறுபடி கீறிவிட்டது. ஷோரூமில் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றுதான் சொன்னார்கள், ஆனால் காந்தம் ஒட்டுகிறது, மேலே துருவும் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? இதைச் சரிசெய்ய முடியுமா?

ஏமாற்றவில்லை. காந்தம் ஒட்டாதது 304 போன்ற நிக்கல் கலந்த ரகம். கார் கம்பெனிகள் சைலன்சருக்கு அதிகம் போடுவது 409. அதில் குரோமியம் 11 சதவீத அளவுக்குத்தான் இருக்கும், நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். அதனால் காந்தம் ஒட்டும், மேலே செம்பழுப்பாகத் துருவும் படியும். அந்தத் துரு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். உள்ளே அரித்திருக்கிறதா என்பதை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குழாயைத் தட்டிப் பார்த்தால் தெரியும். கணீரென்று கேட்டால் பற்றவைக்கலாம். சத்தம் செத்துப்போய், முனை அப்பளத்தில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் வைக்க வேண்டியதுதான்.

ஆனால் வெல்டிங்குக்கு அலைவதற்கு முன்னால் ஒரு வேலை. வண்டி நன்றாக ஆறிய பிறகு சைலன்சரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதைத் தொங்கவிடும் ரப்பர்களில் ஒன்று அறுந்திருக்கலாம், எட்டு வருடத்தில் வெடித்துத் தொய்ந்திருக்கலாம். அப்போது மொத்த எடையையும் அந்தக் குழாய்தான் தாங்கும். எஞ்சின் மவுண்டிங் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்: ஒவ்வொரு முறை கிளட்ச்சை விடும்போதும் எஞ்சின் அசையும், குழாய் வளையும். முன்னால் வலை போட்ட பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் குழாய்த் துண்டு) இருந்தால் அது இறுகிப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். (பெல்லோஸே கிழிந்திருந்தால் அதன் மேல் பற்றவைக்கவே வேண்டாம், புதிது போடுங்கள்.) ரப்பரை மாற்றாமல் குழாயை மட்டும் மூன்று முறை பற்றவைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இரண்டாவது முறை ஏன் பக்கத்திலேயே கீறியது? கிரில் கேட்டுக்குப் பயன்படுத்தும் சாதாரண இரும்பு ராடு காரணம். ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத தகட்டில் அது தடித்த கட்டியாக உட்காரும். சுற்றியுள்ள 409 அதிகச் சூட்டில் மொறுமொறுப்பாகிவிடும். அப்புறம் கட்டி அசையாது, ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுதான் ஆடும். கீறல் விழுவதும் அங்கேதான். அந்த இரும்புக் கட்டி சீக்கிரமே துருவும் பிடிக்கும்.

உங்களுக்கு வேண்டியது ஆர்கான் வெல்டிங், அதாவது டிக். கார் பட்டறைகளில் தேடுவதைவிட, ஹோட்டல் சமையலறைச் சாமான்களும் பால் டேங்குகளும் செய்யும் எஸ்.எஸ். பட்டறையைத் தேடுங்கள் என்பது என் கட்சி. மெல்லிய தகட்டில் ஓட்டை விழாமல் பற்றவைப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. போனதும், உருக்கி நிரப்ப என்ன கம்பி போடுவீர்கள் அண்ணே என்று கேளுங்கள். 309எல் என்றால் நல்லது. 409-க்கும் ஒத்துவரும், பக்கத்தில் சாதாரண இரும்பு இருந்தாலும் ஒத்துவரும். எல் என்பது கார்பன் குறைந்த ரகம் என்பதற்கான அடையாளம். கம்பிக்குப் பதில் தகட்டிலேயே நாலு துண்டு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.

குழாயைக் கழற்றிக் கொண்டுபோவது உத்தமம். காரோடு சேர்த்துச் செய்தால் பெட்ரோல் டேங்கும் அடிப்பூச்சும் பக்கத்திலேயே இருக்கும். வேறு வழியில்லை என்றால் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, ஆக்ஸிஜன் சென்சாரின் பிளக்கைப் பிடுங்கி, எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகில் குழாயிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

பழைய இரும்பு வெல்டிங்கை முழுக்கக் கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும். அதன் மேலேயே பூசினால் மூன்றாவது முறையும் போச்சு. கீறலின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலும் ஓடாது. உள்ளும் புறமும் கரி போய்த் தகடு பளிச்சென்று தெரிய வேண்டும். தேய்க்கும் பிரஷ் எஸ்.எஸ். கம்பியாக இருக்கட்டும், இரும்பு பிரஷ் விட்டுச்செல்லும் துகளே பிறகு துருப் புள்ளியாகும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயால் துடைக்கவே கூடாது. அதில் குளோரின் கலந்த ரகங்கள் உண்டு, வெல்டிங் ஆர்க் பட்டால் விஷவாயு வரும். அசிட்டோன் போதும், அதுவும் முழுதாகக் காய்ந்த பிறகே தீ.

நல்ல வேலைக்காரர் குழாயின் இரு வாயையும் அடைத்து, ஒரு பக்கம் ஆர்கானை உள்ளேயும் விட்டு, மறுபக்கம் காற்று வெளியேறச் சின்னத் துளை விடுவார். அப்படிச் செய்யாவிட்டால் வெளியே அழகாகத் தெரியும் வெல்டிங், உள்பக்கம் கருகிப் பொரிந்திருக்கும். முடிந்ததும் நிறத்தைப் பாருங்கள்: வைக்கோல் நிறம் என்றால் சூடு அளவாக இருந்திருக்கிறது, கறுத்த சாம்பல் என்றால் அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டார்.

மாட்டிய பிறகு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் பின்குழாயைக் கெட்டித் துணியால் ஒரு கணம் அழுத்த, இன்னொருவர் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கட்டும். குமிழி வந்தால் திரும்பக் கொண்டுபோங்கள். உங்கள் விரிசல் பெரும்பாலும் சென்சார்களுக்குப் பின்னால்தான் இருக்கும், மைலேஜ் குறையாது. ஆனால் விரிசலில் கசியும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. சரிசெய்யும்வரை நீண்ட பயணம் வேண்டாம். ஓட்டும்போது தலை வலித்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்துங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. சைலன்சரின் அடியில் சின்னதாக ஒரு துளை இருந்து தண்ணீர் சொட்டினால், அது கம்பெனியே விட்டது. உள்ளே சேரும் நீர் அதன் வழியாகத்தான் வெளியேறும். ஆர்வக்கோளாறில் வெல்டர் அதையும் அடைத்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.