மெடிக்கலில் ஊர் திரும்பியவரின் 21 லட்சம்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 33. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 13 வருஷம் சர்வீஸ், நாயக் ரேங்க். மேலே போஸ்ட்டில் ரோந்து போனபோது பனியில் சறுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போய்விட்டது. இரண்டு ஆபரேஷன் ஆகியும் சரியாகாமல் மெடிக்கல் போர்டில் அனுப்பிவிட்டார்கள். 40 சதவீத ஊனம், சர்வீஸால் வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஊருக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. 15 வருஷம் முடிக்காமல் வந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை; நீண்ட லீவு என்றே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கொண்டுவந்த பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. கைக்கு 21 லட்சம் வந்திருக்கிறது. 2 வட்டிக் கடன் 3 லட்சம் இருக்கிறது. மகளுக்கு 5 வயது. பென்ஷனில் பாதியை கம்யூட் செய்து, அதாவது விட்டுக்கொடுத்து மொத்தமாக முன்பணம் வாங்கி, இருப்பதோடு சேர்த்து வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டு, மிச்சத்தை மச்சானின் லாரியில் பங்கு போடலாமா? பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வின் நகலை இணைத்திருக்கிறேன்.
— முன்னாள் நாயக், குடியாத்தம் அருகே

பதில்: தம்பி, லாரியையும் மாடியையும் பிறகு பார்ப்போம். ‘நீண்ட லீவு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. என் அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர்தான். கறுப்பு டிரங்குப் பெட்டி, மூடியில் வெள்ளை பெயிண்ட்டில் நம்பரும் பெயரும். அது கட்டிலுக்கு அடியில் எத்தனை மாதம் பூட்டியே கிடந்தது என்பது எங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஊராருக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மாடி வருகிறது என்று எனக்குப் படுகிறது. முழங்கால் மடங்காதவர் மாடிக்குப் படி கட்டி என்ன செய்யப் போகிறீர்கள்? அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கில் கீழ்வீட்டுக் குளியலறையில் உயரமான கம்மோடு, சுவரில் பிடித்து எழ ஒரு இரும்புக் கம்பி, வாசலில் படிக்குப் பதில் சரிவு எல்லாம் போட்டுவிடலாம். முதலில் இதைச் செய்யுங்கள். 60 வயதிலும் உங்களுக்கு உதவும்.

15 வருஷக் கணக்கு உங்களை அரிக்கிறது. அது சாதாரண சர்வீஸ் பென்ஷனுக்கான கணக்கு. பணியால் உண்டான ஊனத்தால் போர்டில் வெளியேற்றப்பட்டவருக்கு அந்தக் குறைந்தபட்சமே கிடையாது. ஊனமுற்றோர் பென்ஷன் வாங்கும் நீங்கள் சட்டப்படி முன்னாள் படைவீரர். 20 வருஷம் முடித்துவிட்டு வந்த ஹவில்தாருக்கு இருக்கும் அதே பெயர்தான் உங்களுக்கும். 13 வருஷமும் ஒரு முழங்காலும் கொடுத்து வாங்கிய பென்ஷன் இது. கம்மவான்பேட்டைப் பக்கம் போய், ‘மெடிக்கலில் வந்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர். அங்கே யாரும் உங்களைக் குறைவாகப் பார்க்க மாட்டார்கள்.

இனி பி.பி.ஓ. அதை மூன்று முறை படித்தேன், ஒரு பிழை இருக்கிறது. உங்கள் கடைசி அடிப்படைச் சம்பளம் 32,300, மிலிட்டரி சர்வீஸ் பே 5,200, ஆக 37,500. உங்கள் பென்ஷனில் இரண்டு பங்கு. அதில் பாதி, 18,750, பணிக்கான சர்வீஸ் பங்கு. அது சரியாக இருக்கிறது. இன்னொன்றான ஊனப் பங்கு 100 சதவீத ஊனத்துக்குச் சம்பளத்தில் 30 சதவீதம். உங்களுக்கு 40 சதவீதம் என்று அப்படியே கணக்கிட்டு 4,500 போட்டிருக்கிறார்கள். போர்டில் வெளியேற்றப்பட்டவருக்கு 50-க்குக் குறைவான ஊனத்தை 50 ஆகவே எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 5,625. மாதம் 1,125 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் ஆயுள் முழுக்கக் குறைகிறது. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து நிலுவையோடு கேட்டு வாங்க வேண்டிய பணம் இது. முதலில் உங்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள், ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். முறையீடு மறுக்கப்பட்டால் படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. இதை ஆறப் போடாதீர்கள்.

திருத்திய பிறகு மாதம் 24,375, அதன் மேல் அகவிலைப்படி. உங்களைப் போல் வெளியேற்றப்பட்டவருக்கு சர்வீஸ் பங்கு, ஊனப் பங்கு இரண்டுக்குமே வருமான வரி இல்லை; 2019 ஜூனில் வந்த வரித்துறைச் சுற்றறிக்கையே இதைச் சொல்கிறது. வரி பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்குங்கள்.

கம்யூட்டேஷனுக்கு வருவோம். சர்வீஸ் பங்கில் பாதியை, அதாவது 9,375-ஐ விட்டுக்கொடுத்தால் உங்கள் வயதுக்கு ஏறத்தாழ 10 லட்சத்துச் சொச்சம் கையில் வரும். பதிலுக்கு 15 வருஷம் மாதாமாதம் அந்த 9,375 பிடிப்பார்கள், கூட்டினால் 16,87,500. வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்குச் சற்று மேல். அகவிலைப்படி குறையாது. இடையில் உங்களுக்கு ஏதாவது ஆனால் மனைவியின் குடும்பப் பென்ஷனிலும் கை வைக்க மாட்டார்கள். கடன் என்று பார்த்தால் மோசமான கடன் இல்லை. அதை வாங்கி எதில் போடுகிறோம் என்பதுதான் கேள்வி. மாடிக்கும் லாரிக்கும் என்றால் வேண்டாம். அடுத்த வேலை நிச்சயமாகும் வரை, மாதம் பிறந்தால் தவறாமல் வரும் ஒரே வருமானம் இந்தப் பென்ஷன். அதில் 9,375-ஐ இப்போதே வெட்டிவிடாதீர்கள்.

21 லட்சத்தில் முதல் வேலை அந்த 2 வட்டிக் கடன். ஆண்டுக்கு 24 சதவீதம்! அவ்வளவு தரும் முதலீடு எதுவும் கிடையாது. இந்த வாரமே அடைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுங்கள். 3 லட்சம் வங்கியில் அவசரத்துக்கு. 9 லட்சம் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில், மனைவியோடு கூட்டுக் கணக்காக, இப்போதைய 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 வரும். மகள் பெயரில் செல்வமகள் கணக்கு தொடங்குங்கள். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். மிச்சத்தை வங்கி எஃப்.டி.யில் வைத்துவிட்டு ஒரு வருஷம் மறந்துவிடுங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் சேர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கும் அதற்கு 50 வயது ஆக வேண்டும். மாதம் 8 சதவீதம் தருகிறோம் என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அப்படிப் போட்டுவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுத சுபேதார்களைப் பார்த்திருக்கிறேன்.

மச்சானிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆர்.சி. யார் பெயரில், லோன் யார் பெயரில், டயர் வெடித்தால் யார் காசு? அந்தக் காலோடு நீங்கள் ஸ்டீயரிங்கில் உட்கார முடியாது; ஓட்டவும் முடியாமல் கணக்கும் பார்க்காமல் லாரித் தொழிலில் பங்கு வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். உறவு கெடாமல் சொல்ல வேண்டுமானால், ‘பணம் ஒரு வருஷம் லாக் ஆகிவிட்டது’ என்று சொல்லுங்கள். எஃப்.டி. போட்ட பிறகு அது உண்மையும்கூட.

உங்களுக்கு 33 வயதுதான். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலையில் முன்னாள் படைவீரருக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு, அதற்குள் 4.5 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் படைவீரரையும் போரில் இறந்தோர் குடும்பத்தையும் மனதில் வைத்தே இருக்கிறது. வேலை கிடைத்தாலும் பென்ஷன் நிற்காது. கைத்தொழில் கற்க விருப்பமென்றால் புனேயின் கிர்க்கியில் குயின் மேரிஸ் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ஊனமுற்ற வீரர்களுக்காகவே 1917-இல் தொடங்கியது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வேலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., மனைவியோடு எடுத்த ஜாயிண்ட் போட்டோ, இருவரின் ஆதார் வேண்டும். பிழையைத் திருத்தக் கேட்கும் மனுவோடு மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகலும் வைக்க வேண்டும். அது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். இன்று ராத்திரி மகள் தூங்கிய பிறகு, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறந்து எடுங்கள்.