குடிநீர்க் குழாய்க்கு 30 ஆண்டு, சுத்திகரிப்பு நிலையத்துக்கு 15 ஆண்டு: ஏன் இந்த வித்தியாசம்?

இன்று கட்டுவது எத்தனை ஆண்டுக்குப் பிறகு இருக்கும் மக்களுக்கும் போதவேண்டும் என்ற கணக்குதான் திட்டக் காலம். அந்த மக்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழக்கமான அளவு. 20,000 பேர் என்றால் 27 லட்சம் லிட்டர், கசிவு தனி.

புதைத்த குழாயை மாற்றத் தெருவையே மறுபடி தோண்டவேண்டும். பள்ளம் வெட்டும் கூலி சின்னக் குழாய்க்கும் பெரிய குழாய்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் குழாய்க்கு 30 ஆண்டு. சுத்திகரிப்பு நிலையத்தின் வடிகட்டித் தொட்டியைப் பிறகு பக்கத்திலேயே இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். இப்போதே இடம் விடவேண்டும், அவ்வளவுதான். அதனால் அதற்கு 15 ஆண்டு போதும். மாடி பின்னால் எடுக்கலாம் என்று அஸ்திவாரத்தை மட்டும் பலமாகப் போடுவோமே, அதே கணக்கு.

பெரிய மேல்நிலைத் தொட்டி கட்டினால் தண்ணீர் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது காலை நேரத் தேவையைச் சமாளிக்கத்தான், ஆறோ கிணறோ தருவதற்குமேல் ஒரு குடம்கூடத் தராது.