கோடிங்கை விட்டு புராடக்ட் பக்கம் போகலாமா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஏழு வருடமாக வெப் டெவலப்பர். புராடக்ட் மேனேஜர் ஆக எம்பிஏ படித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். யாருக்காக எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் புராடக்ட் மேனேஜர் வேலை. படிக்க உங்களுக்கே ஆசை இருந்தால் அது வேறு, இந்த வேலைக்காக என்று போகாதீர்கள். 2002இல் கூகுளில் மரிசா மேயர் அசோசியேட் புராடக்ட் மேனேஜர் திட்டத்தை ஆரம்பித்தபோது, அப்போதுதான் படிப்பை முடித்து வந்த, தொழில்நுட்பம் தெரிந்த பிள்ளைகளைத்தான் தேடி எடுத்தார். இந்த வேலையின் வேர் அதைவிடப் பழையது. 1931இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் சோப்பு கம்பெனியில் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் அதன் நல்லது கெட்டதுக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும், விற்பனை மந்தமான இடங்களுக்கு அவரே நேரில் போய் கடைக்காரர்களிடமும் வாங்குகிறவர்களிடமும் விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொண்ணூறு வருடம் தாண்டியும் வேலை அதேதான். எதைச் செய்ய முடியும், எது கஷ்டம் என்பது டெவலப்பரான உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நேரில் போய் விசாரிக்கிற பழக்கம்தான் நம்மில் பலருக்கும் இல்லை.

இப்போது இருக்கும் ஆபீஸிலேயே மாற முடியுமா? மேனேஜர் "நீ கோடை மட்டும் பார்" என்கிறார்.

முடியும். வெளியே தேடுவதைவிட அதுதான் சுலபமும்கூட, ஏனென்றால் வெளியே எங்கே விண்ணப்பித்தாலும் "புராடக்ட் மேனேஜராக எத்தனை வருட அனுபவம்" என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவீர்கள், உள்ளே உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

சப்போர்ட் டிக்கெட்டுகளில், அதாவது வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு அனுப்பும் கோரிக்கைகளில் ஆரம்பியுங்கள். கடைசியாக வந்த ஐம்பதைப் படித்து, அந்த ஆள் என்ன கேட்டார் என்பதை ஒரு பக்கமும், உண்மையில் என்ன செய்ய முயன்றுகொண்டிருந்தார் என்பதை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. நான் டெவலப்பராக இருந்தபோது ஒரு ரிப்போர்ட் பக்கத்துக்கு மூன்று வாரம் உட்கார்ந்து விதவிதமான ஃபில்டர்கள் செய்தோம், வாடிக்கையாளர்கள் கேட்டதும் அதைத்தான். அப்புறம் ஒருநாள் சப்போர்ட் அழைப்பு ஒன்றில் கூடவே உட்கார்ந்து கேட்டேன். அந்தப் பக்கத்தைத் தினமும் திறக்கிற அம்மா, மொத்தத்தையும் எக்செல்லில் இறக்கி, கடைசியில் ஒரே ஒரு கூட்டுத்தொகையை எடுத்து தன் மேலதிகாரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அந்தத் தொகை தானாக மெயிலில் போகும்படி இரண்டு நாளில் செய்து கொடுத்தோம். அவர் அதன்பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. நான் புராடக்ட் பக்கம் திரும்பியது அந்த வாரம்தான்.

இப்படி ஒன்று உங்கள் கையில் சிக்கியதும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள்: யாருக்கு என்ன சிரமம், அது நமக்கு எப்படித் தெரியும், சரியாகிவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வோம், எதையெல்லாம் இப்போது செய்யப்போவதில்லை. அதை உங்கள் மேனேஜரிடம் கொண்டுபோகாமல் புராடக்ட் மேனேஜரிடம் கொடுத்து, "இந்தச் சின்ன விஷயத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். அவர்கள் தலைக்கு மேல் எப்போதும் வேலை கிடக்கும், அநேகமாக சரி என்பார்கள். இப்படி மூன்று முடித்துவிட்டால் உங்கள் மேனேஜரிடம் பேசுவதற்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

மாறிய பிறகு கோடிங் மறந்துவிடுமா? பழைய டீம் ஆட்கள் மதிப்பார்களா?

கை கொஞ்சம் துருப்பிடிக்கும், படித்துப் புரிந்துகொள்ளும் திறன் போகாது. மதிப்பு விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: "இது ரெண்டு மணி நேர வேலைதானே" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், ஆரம்ப மாதங்களில், அதுவும் எல்லோர் முன்னாலும். அதுவரை ஒவ்வொரு மீட்டிங்கிலும் நல்ல யோசனை சொல்லிவந்த ஒரு பெண் அதன்பிறகு பல வாரம் வாயே திறக்கவில்லை. நான் பிரச்சினையைச் சொல்லியிருக்க வேண்டும், வழியை அவரிடம் விட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் ஒரு சிக்கலை அவிழ்ப்பதுதான் உங்களுக்கு சந்தோஷம் என்றால், இந்த வேலையில் அது கிடைக்காது, நாள் முழுக்கத் துண்டு துண்டாக உடையும். மேனேஜர் ஆகாமலே மேலே போகும் சீனியர் எஞ்சினியர் பாதை பல கம்பெனிகளில் இருக்கிறது, அது இதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

வயது நாற்பது. லேட் ஆகிவிட்டதா?

இல்லை. நீங்கள் வேலை பார்த்த துறையைப் பற்றி, அது மருத்துவமோ சரக்குப் போக்குவரத்தோ, இருபத்தைந்து வயதுக்காரருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அந்தத் துறையிலேயே தேடுங்கள்.

ஒரு ஸ்டார்ட்அப்பில் முதல் எஞ்சினியராகக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் குறைவு, ஒரு சதவீதம் பங்கு. போகலாமா?

புராடக்ட் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது, அங்கே காலையில் கோடு எழுதிவிட்டு மதியம் வாடிக்கையாளரிடம் பேசுவதும் நீங்கள்தான். ஆனால் அந்த ஒரு சதவீதத்தைப் பணமாக நினைத்துவிடாதீர்கள். வழக்கமான ஏற்பாட்டில் பங்கு நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உங்களுடையதாகும், முதல் வருடம் முடியும் முன் வெளியேறினால் ஒன்றுமே கிடைக்காது. புது முதலீடு வரும்போதெல்லாம் உங்கள் பங்கு கரையும்: ஒவ்வொரு சுற்றிலும் 20 சதவீதம் கரைகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று சுற்று கழித்து ஒன்று என்பது 0.51 ஆகியிருக்கும். கம்பெனியை விற்கும்போது முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை பொதுவாக ஒப்பந்தத்தில் இருக்கும், அந்தத் தொகைக்குக் கீழே விலை போனால் ஊழியர்களுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

அதனால் சேரும் முன் கேளுங்கள். மொத்தப் பங்குகள் எத்தனை, அதில் எனக்கு எத்தனை? கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் வரும்? பங்கை விலை கொடுத்து வாங்கும் உரிமையாகத்தான் தருகிறீர்கள் என்றால், நான் வெளியே போனால் எத்தனை நாளுக்குள் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனரிடம் சேராதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தப் பங்கு பூஜ்யமானாலும் இந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓடும் என்றால் தைரியமாகப் போங்கள்.

எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக ஒரு ஆப் கட்டினேன். யாருமே பயன்படுத்தவில்லை. எங்கே தப்பு?

எட்டு மாத உழைப்பு, மனசு வலிக்கத்தான் செய்யும். கட்டத் தெரிந்த நமக்கு முதலில் வருவது கட்டும் ஆசை, கேட்கும் ஆசை இல்லை, தப்பு அங்கேதான். 2008இல், கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் எல்லோருக்கும் திறக்கப்படும் முன்பே, அது எப்படி வேலை செய்யும் என்று ஒரு சின்ன வீடியோவை அதன் நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் வெளியிட்டார். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000 பேரிலிருந்து 75,000 ஆனது. ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கட்டியதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இன்ஸ்டாகிராம் முதலில் பர்பன் என்ற பெயரில் இருந்தது, இருக்கும் இடத்தைப் பதிவது, நண்பர்களோடு திட்டம் போடுவது, புள்ளிகள் என்று அதில் ஏகப்பட்டது. ஜனங்கள் விரும்பிச் செய்தது போட்டோ போடுவதை மட்டும்தான். அதன் நிறுவனர்கள் கெவின் சிஸ்ட்ரோமும் மைக் க்ரீகரும் மற்றதை வெட்டிவிட்டு 2010 அக்டோபரில் வெளியிட்டார்கள். உங்கள் ஆப்பில் ஐந்து பேராவது ஒருமுறைக்கு மேல் திரும்பி வந்திருந்தால் அந்த ஐந்து பேரையும் பிடித்துப் பேசுங்கள், எதற்காகத் திரும்பி வந்தார்கள் என்று கேளுங்கள். ஒருவர்கூட வரவில்லை என்றால், இந்தச் சிரமம் இருக்கும் என்று நீங்கள் நினைத்த பத்து பேரிடம் போய், ஆப்பைக் காட்டாமல், இப்போது இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

வேலையை விட்டுவிட்டுத் தொடங்குவதா, வேலையோடு சேர்த்துச் செய்வதா?

சேர்த்தே செய்யுங்கள், பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் சிலராவது வரும் வரை. 37சிக்னல்ஸ் ஒரு வெப் டிசைன் கம்பெனி, தங்கள் வேலைகளை நிர்வகிக்கத் தாங்களே செய்துகொண்ட கருவியைத்தான் 2004இல் பேஸ்கேம்ப் என்று வெளியே விட்டார்கள், அது காலூன்றும் வரை டிசைன் வேலையையும் விடவில்லை. வெப் ஆப் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க் பிறந்ததும் அந்தக் கருவியிலிருந்துதான்.

ஆனால் இன்று ராத்திரி முதல் வரி எழுதும் முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதும் கம்பெனிக்கே சொந்தம் என்று சிலவற்றில் இருக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் இதைத் தொடவே தொடாதீர்கள்.