தண்டனையைக் கூட்டினால் மட்டும் ஆவுளியா பிழைக்குமா?

அருகிவரும் விலங்குகளைக் கொல்வதும் விற்பதும் கடும் குற்றமாக்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆன பின்பும் அவற்றின் எண்ணிக்கை ஏன் மீளவில்லை, தண்டனையை இன்னும் கூட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாக் விரிகுடாக் கரையில் வளர்ந்தவன். ஆகவே எங்கள் கடலில் வாழும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, வைத்தே இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஆவுளியா குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. யானைக்குத் தூரத்து உறவு. சுமார் 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை வளரும். கடற்புல்தான் அதன் உணவு. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும். புல்லை வேரோடு பறித்துத் தின்பதால், அது மேய்ந்து போன இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வளைந்து வளைந்து செல்லும் வெற்றுத் தடம் ஒன்று மிஞ்சும். கடல் தெளிந்து கிடக்கும் நாளில், ஆழமில்லாத இடத்தில் வள்ளத்தில் இருந்தபடியே அதைக் காணலாம். எவ்வளவு நேரம் மேய்ந்தாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். இன்று அதன் உயிருக்கு உலை வைப்பதே இந்த மூச்சுத் தேவைதான்.

ஒரு காலத்தில் இறைச்சிக்காகவே இதைப் பிடித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரை, பெரியபட்டினம் பகுதிகளில் ஓரிரு ஆண்டுகளுக்குள் இருநூறுக்கும் மேற்பட்டவை பிடிபட்டதாக மீன்வள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று இந்தியா முழுவதிலும் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 240 என்று அரசு சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கடலில்தான் இருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கூடுதலான பாதுகாப்புப் பெறும் விலங்குகளின் பட்டியலில், இடம்பெற்றிருப்பதால், இதைக் கொன்றவருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு. அந்தச் சட்டம் வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். வெளிப்படையாக நடந்துவந்த இறைச்சி விற்பனையை ஒடுக்கியது அதுதான்.

ஆனால் இன்றைய சாவுகளில் பெரும்பங்கு வேட்டையால் நேர்வதில்லை. திருக்கை மீனுக்காக விரித்த வலையிலோ, மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி விரிக்கும் செவுள் வலையிலோ ஆவுளியா சிக்கிக்கொள்கிறது. மேலே வர முடியாமல் மூச்சு முட்டி இறந்துவிடுகிறது. மறுநாள் வலை எடுக்க வருபவர் காண்பது உடலைத்தான். அவர் அதைக் கொல்ல நினைத்தவரல்லர். ஆயினும் வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் உடலைக் கடலிலேயே விட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிடத் தோன்றும். தண்டனையைக் கூட்டக் கூட்ட இந்த அச்சமும் கூடும். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த வலையில் இவை சாகின்றன என்ற தகவல் நமக்கு எட்டாமலே போகும்.

கணக்கையும் பாருங்கள். பெண் ஆவுளியா முதல் குட்டி ஈனவே பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த ஈற்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். எல்லாம் கூடி வந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 240 என்ற எண்ணிக்கையில் அது வெறும் 12. அந்த அளவுக்கு வலைகளில் மடிந்தால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். வேட்டைக்காரன் ஒருவன்கூட இல்லாமலே ஓர் இனம் தீர்ந்துபோகக்கூடும் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆகவே வலையின் மீது கை வைத்திருப்பவரைத் துணைக்கு அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கரையில் நின்று இழுக்கும் கரைவலையில் சிக்கும் ஆவுளியா பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். வலையை அறுத்தால் பிழைத்துப் போகும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் மீனவர்கள் அப்படி விடுவித்ததும், வனத்துறை அவர்களை அழைத்துப் பாராட்டி ரொக்கப் பரிசு அளித்ததும் பலமுறை நடந்துள்ளன. பரிசு நல்லதுதான். ஆனால் அறுபட்ட வலைக்கும் அன்று இழந்த மீன்பாட்டுக்கும் உரிய தொகை, அலைக்கழிக்காமல், ஒரு வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும். தற்செயலாக இறந்ததைத் தாமாக முன்வந்து தெரிவிப்பவர் மீது வழக்கு இல்லை என்ற உறுதியும் வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் வலை போடுபவரே காவலராகிவிடுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மீனவர்களின் தொழிலைத் தடுக்காமல் அமைக்கப்பட்டது என்பதே இதில் எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் கடற்புல் இல்லையேல் பாதுகாப்பகம் பெயரளவில்தான் இருக்கும். தரையைச் சுரண்டிச் செல்லும் இழுவைமடி புல்லை வேரோடு பெயர்த்துவிடுகிறது. கலங்கிய நீரில் வெளிச்சம் கிடைக்காமல் மிச்சப் புல்லும் அழுகுகிறது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும், தடை செய்யப்பட்ட இரட்டைமடியை இன்னும் இழுப்பவர்கள் மீதுதான் சட்டத்தின் முழுக் கடுமையும் பாய வேண்டும். திருக்கை வலைக்காரர் மீதல்ல.

இன்னொன்றும் உண்டு. ஆவுளியாவுக்குக் கடல் எல்லை தெரியாது. இலங்கையின் மன்னார்ப் பக்கமும் அது மேய்கிறது. இலங்கை 2017இலேயே இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. இரு நாட்டு மீனவர் பேச்சுகளில் படகுச் சிறைபிடிப்பும் கைதுமே பெரும்பாலும் முன்னிற்கின்றன. இரு கரைக்கும் பொதுவான இந்தப் புல்வெளிகளும் அங்கே பேசப்பட வேண்டும்.