வாசகர் கேள்வி – பதில்: பதற்றம் குறைந்தது பயிற்சியாலா?

கேள்வி: பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன், அஞ்சல் வழியில் எம்.ஏ. உளவியல் படிக்கிறேன். எட்டாம் வகுப்பில் தேர்வுப் பதற்ற மதிப்பெண் அதிகமாக இருந்த 30 பேருக்கு ஆறு வாரம் மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். சராசரி 70-இலிருந்து 62-க்கு இறங்கியது. பி மதிப்பு (மாற்றமே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.01. ஆனாலும் ‘பயிற்சியால் குறைந்தது என்று எழுதக் கூடாது’ என்கிறார் கைடு. ஏன்? பத்தாவதோடு கணக்கை விட்ட நான் புள்ளியியலை எங்கே தொடங்குவது?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கைடு சொல்வது சரி. பி மதிப்பில் கோளாறு இல்லை, பிள்ளைகளைப் பொறுக்கிய விதத்தில்தான் கோளாறு. ஒரு நாள் எடுத்த மதிப்பெண்ணில் பிள்ளையின் இயல்பான பதற்றத்தோடு அன்றைய தூக்கக் குறைவும் வீட்டுச் சண்டையும் கலந்திருக்கும். உச்சியில் இருப்பவர்களை மட்டும் எடுத்தால், அன்று தற்செயலாக ஏறியவர்கள் நிறையப் பேர் அதில் வந்துவிடுவார்கள். அடுத்த முறை அவர்கள் தாமாகவே இறங்குவார்கள். இதைத்தான் சராசரியை நோக்கித் திரும்புதல் என்கிறோம்.

வகுப்பின் மொத்தச் சராசரி 50, இரு முறை அளந்த மதிப்பெண்களுக்கிடையே ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு, முழுப் பொருத்தம் என்றால் 1) 0.7 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 30 பேர் சராசரிக்கு 20 மேலே இருக்கிறார்கள். அடுத்த முறை அதில் 0.7 பங்குதான் மிஞ்சும்: 20 × 0.7 = 14. ஆக, எதுவும் செய்யாமலே 64-க்கு வந்திருப்பார்கள்! எட்டுப் புள்ளி இறக்கத்தில் ஆறு இப்படியே போயிற்று. மீதி இரண்டிலும் காலத்தின் பங்கு இருக்கலாம். தேர்வுக்கு முன் ஒரு தடவை, தசரா லீவு முடிந்து ஒரு தடவை அளந்தால் யாருக்கும் பதற்றம் குறைந்துதான் இருக்கும்.

அடுத்த முறை பெற்றோர் சம்மதமும் பிள்ளைகளின் சம்மதமும் வாங்கிய பின், சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒன்றுக்கு இப்போதும், மற்றதற்கு ஆறு வாரம் கழித்தும் பயிற்சி. இரு குழுவையும் ஒரே நாளில், ஒரே மொழி வினாத்தாளால் அளக்க வேண்டும். ‘ஏ’ செக்‌ஷனுக்குப் பயிற்சி, ‘பி’ செக்‌ஷனுக்கு இல்லை என்று மட்டும் பிரிக்காதீர்கள். வித்தியாசம் பயிற்சியால் வந்ததா, வகுப்பாசிரியரால் வந்ததா என்று பிறகு பிரித்தறியவே முடியாது.

குழுவுக்கு 15 பேர் என்றால் பெரிய வித்தியாசம் மட்டுமே தெரியும். நடுத்தர விளைவை (கோஹென் டி 0.5, அதாவது மதிப்பெண்கள் சிதறும் அளவான திட்ட விலக்கத்தில் பாதி வித்தியாசம்) 80% வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் தேவை. முதல் மதிப்பெண்ணையும் சேர்த்து ஆன்கோவா (தொடக்க வேறுபாட்டைச் சரிசெய்து குழுக்களை ஒப்பிடும் முறை) செய்தால், ஒட்டுறவு 0.7 இருக்கும்போது அதில் ஏறக்குறைய பாதி போதும். தேவையான எண்ணிக்கை கிடைக்காவிட்டால் ஒரு பள்ளியோடு நிறுத்தாமல் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்.

படிப்பதற்கு ஃபார்முலாவிலிருந்து தொடங்க வேண்டாம். பத்து மதிப்பெண்ணை எடுத்துச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கையால் போடுங்கள். பிறகு வரைபடம், ஒட்டுறவு, அளவீட்டுப் பிழை. இரு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை அதற்கப்புறம்தான். ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவச மென்பொருள்கள். எக்ஸெலில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை. வராத பிள்ளைக்கு 0 போடாமல் கட்டத்தைக் காலியாக விடுங்கள், இல்லையென்றால் சராசரி சரிந்துவிடும். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் (sort) ஒருவரின் முன் மதிப்பெண் இன்னொருவரின் பின் மதிப்பெண்ணோடு சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்தபின் அதை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துச் சொல்லாது.

கேள்வி: மகனின் ஐ.க்யூ. முன்பு 74, இப்போது 69. அறிவு குறைந்துவிட்டதா?
– வாசகர், ராஜாஜிநகர், பெங்களூரு

பதில்: இல்லை, பயப்படாதீர்கள். திட்ட விலக்கம் 15, சோதனையின் நம்பகத்தன்மை (மறுபடி அளந்தாலும் ஒத்த விடை தரும் அளவு, முழுமை என்றால் 1) 0.91 என்றால் அளவீட்டுப் பிழை 15 × √(1 − 0.91) = 15 × √0.09 = 4.5. இருபுறமும் அதில் இரண்டு மடங்கு விட்டால், 69 என்பது ஏறக்குறைய 60 முதல் 78 வரை எதுவாகவும் இருக்கலாம். இரண்டு சோதனையிலும் பிழை இருப்பதால், அவற்றுக்கிடையே 12, 13 புள்ளியாவது மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று யோசிக்க வேண்டும். அறிக்கையில் ஒற்றை எண்ணோடு இந்த வீச்சையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரு முறையும் ஒரே சோதனைதானா, எந்த மொழியில் நடந்தது என்றும் கேளுங்கள். உடை உடுத்துவது, காசு எண்ணுவது, தனியாகக் கடைக்குப் போய்வருவது போன்ற அன்றாடத் திறன்களையும் அளக்காமல், அறிவுத்திறன் குறைபாட்டுக்கு எல்லையாகச் சொல்லப்படும் 70 என்ற கோட்டை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது.