காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணமா?

கேள்வி: வரும் தை மாதம் அப்பாவுக்கு எழுபது வயது நிறைகிறது. பீமரத சாந்திக்கு வருபவர்களுக்கு, அப்பாவும் அம்மாவும் சந்தித்த கதையைச் சிறு புத்தகமாக அச்சிட்டுக் கொடுக்க ஆசைப்படுகிறேன். அவர்களுடைய கல்யாணம் 1982-இல் நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய நாளில் கல்பாலத்துக்கு அருகில்தான் அம்மாவை முதன்முதலில் பார்த்ததாக அப்பா சொல்கிறார். அம்மாவோ, அதற்கும் ஒரு வருடம் முன்பிருந்தே அவர் சுங்குடிக் கடையிலிருந்து முடிச்சுப் போடத் துணி கொண்டுவந்து தங்கள் வில்லாபுரம் வீட்டில் கொடுப்பார் என்கிறார். காதலா என்று கேட்டால் மட்டும், "பெரியவங்க பார்த்துப் பண்ணி வச்ச கல்யாணம்" என்று பேச்சை முடித்துவிடுகிறார். அம்மாச்சியும் அதையேதான் சொல்கிறார். யார் சொல்வது உண்மை? அம்மாவைப் பேச வைப்பது எப்படி?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூவர் சொல்வதும் உண்மையாக இருக்க இடமிருக்கிறது. துணிக்கட்டோடு வாசலுக்கு வந்த இளைஞரை உங்கள் அம்மா மாதக்கணக்கில் கவனித்திருக்கலாம். கணக்குப் பார்த்துக் கூலி கொடுத்துவிட்டுப் போகும் அவசரத்தில் அவர் அம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே இருந்திருக்கலாம். திருவிழாக் கூட்டத்தில், வேலையும் கணக்கும் இல்லாத ஒரு பொழுதில் பார்த்ததுதான் அவருடைய மனத்தில் முதல் சந்திப்பாகப் பதிந்திருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாக்கப் பாடுபடாதீர்கள். அப்பா சொன்னது ஒரு பக்கம், அம்மா சொன்னது ஒரு பக்கம் என்று அப்படியே எழுதுங்கள்.

அம்மாவின் மௌனத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். ஒருவரையொருவர் விரும்பிய பிள்ளைகளின் விஷயம் வீட்டுக்குத் தெரிய வந்து, பெரியவர்களும் இறங்கிவந்த குடும்பங்களில், அதன்பிறகு நடந்ததெல்லாம் முறைப்படியே நடந்தது. பிள்ளை வீட்டார் தட்டோடு பெண் கேட்டு வந்தார்கள், பூ வைத்தார்கள், உறவுக்காரர்களிடம் யாரோ ஒரு தரகர் சொல்லி அமைந்த சம்பந்தம் என்றும் சொல்லி வைத்தார்கள். பெண்ணுக்குப் பின்னால் கல்யாணத்துக்குத் தங்கைகள் இருந்தால் அந்தப் பேச்சை இன்னும் கவனமாகக் காத்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நடந்திருந்தால், உங்கள் அம்மா இத்தனை வருடமாகத் தம் தாயின் வார்த்தையைக் காப்பாற்றி வருகிறார் என்று பொருள். அம்மாச்சி உயிரோடு இருக்கும்போது அதை மறைப்பு என்றோ பொய் என்றோ நினைத்து உடைக்கப் பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

அதனால் காதலைப் பற்றிக் கேட்காதீர்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். கையால் செய்யும் சுங்குடியில், துணியில் புள்ளி புள்ளியாகக் கிள்ளியெடுத்து நூலால் இறுக்கிக் கட்டி, பிறகு சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் மட்டும் பூப்போலத் தெரியும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள் வேண்டும். கடைகளிலிருந்து துணி வீடுகளுக்கு வரும். பெண்கள் அடுப்படி வேலைக்கு நடுவே திண்ணையில் உட்கார்ந்து கட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். வெளி ஆணிடம் ஒரு வார்த்தை பேசவும் தயங்கிய வீடுகளில், துணியைக் கொடுக்கவும் வாங்கவும் வந்தவரோடு அளவு, நிறம், கூலி, கெடு என்று நாலு வார்த்தை பேச அந்த வேலை இடம் கொடுத்தது. அந்த நாலு வார்த்தைதான் உங்களுக்கு வேண்டியது. துணியை யார் கையில் கொடுப்பார், முடிச்சு தளர்ந்திருந்தால் கடையில் என்ன சொல்வார்கள், அப்படிக் குறை வந்தபோது அவர் அம்மாவுக்காகப் பேசினாரா, கெடுவுக்கு முன்பே எதற்கெல்லாம் வந்து நின்றார் என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் ஒரு முழத் துணியும் நூலும் வாங்கிக் கொடுத்து, எப்படிக் கட்டுவது என்று உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டிப் பதிவு செய்ய வேண்டாம். கேட்டதை இரவில் எழுதிக்கொள்ளுங்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் அச்சுச் சேலைகளே கடைகளை நிறைத்திருக்கின்றன. கையால் கட்டியவர்கள் குறைந்துவிட்டார்கள். உங்கள் அம்மா காதலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாவிட்டாலும், அவர் சொல்லும் தொழில் விவரங்கள் மட்டுமே அந்தப் புத்தகத்துக்குப் பெருமை சேர்க்கும்.

காலமும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. தைக்கு முன்னால் சித்திரைத் திருவிழா வருகிறது. நம் ஊரில் கல்யாணத்துக்கு முந்தின சந்திப்பையே ஒரு விழாவாக எடுக்கிறோம்: எண்திசைக் காவலர்களையும் வென்று வந்த மீனாட்சி, சுந்தரேசுவரரைக் கண்டதும் போரை மறந்து நாணி நிற்பதுதான் திக்குவிசயம், மறுநாள்தான் திருக்கல்யாணம். திருக்கல்யாணத்தன்று உங்கள் அம்மாவும் மற்றப் பெண்களைப் போலப் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்பவராக இருந்தால், அன்று பிற்பகல் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அப்பா அப்போது அருகில் இருக்க வேண்டாம்; அவர் ஒன்று சொன்னால் அம்மா அடங்கிவிடக்கூடும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் எடுக்கச் சொன்ன வரியை, அப்பாவுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். அவர் சம்மதித்தால் அம்மாச்சிக்கும் படித்துக் காட்டுங்கள். பெண் கேட்டு வந்த நாளில் வீட்டில் என்ன பேசினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும், அந்தப் பகுதியை அவர் வாயால் கேட்டே எழுதுங்கள்.